பின்னோக்கி ஓடிய கறுப்பு நீர்

ஆற்றில் அயு மீன்கள் செத்து மிதந்தபோது, மீனவன் எய்சாகு விஷம் கலந்துவிட்டான் என்று கிளப்பிவிட்டவர் காகித ஆலை மேலாளர் குரோய்வா. ஊர் அதை நம்பியது. மீனவர் சங்கம் எய்சாகுவை விலக்கி வைத்தது. அவன் ஒசாகா துறைமுகத்தில் மூட்டை தூக்கப் போய்விட்டான்.

அவன் மனைவி மித்சுயோ, ஊர் மன்றத்தில் பெரியவர்களுக்காக நடந்த திரைப்பட வகுப்பில் சேர்ந்தாள். சினிமா ஆசை அவளுக்குத் துளியும் இல்லை. அங்கே கேமராவை இரவல் தருவார்கள், அதுதான் அவளுக்கு வேண்டியிருந்தது.

வகுப்பின் ஆண்டு விழாவுக்குக் குரோய்வாவே சிறப்பு விருந்தினர். அங்கே திரையிட்ட மித்சுயோவின் படத்தில் ஆலைக் குழாய் கறுப்பு நீரை ஆற்றில் கக்கியது. அதன் கீழே மீன்கள் வயிறு தெரிய மிதந்தன.

“நிறுத்தும்மா அதை!” குரோய்வா எழுந்தார்.

“உக்காருங்கய்யா,” என்றாள் மித்சுயோ. “படம் முடிஞ்சப்புறந்தான் பேச்சு. வகுப்புல அதான் சட்டம்.”

முடிந்ததும் அவள் படத்தைப் பின்னோக்கி ஓட்டினாள். கறுப்பு நீர் ஆற்றிலிருந்து எழும்பிக் குழாய்க்குள் திரும்பிப் போனது. கூடமே சிரித்தது.

“பாத்தீங்களா, உங்க அழுக்க இப்படித்தான் நீங்களே திருப்பி எடுத்துக்கணும். இன்னொரு தடவ போடட்டா?”

குரோய்வா தலை குனிந்தபடி வெளியேறினார். சங்கத் தலைவர் அவளிடம் மெல்ல வந்தார்.

“தப்பு நடந்துபோச்சும்மா. எய்சாகுவ வரச்சொல்லி எழுதேன்.”

“நான் எதுக்கு எழுதணும்? வெரட்டினது நீங்க. எல்லாருமா ரயிலேறிப் போயி, அவரு முன்னால தரையில நெத்தி படக் குனிஞ்சு கூப்பிடுங்க.”

போனார்கள், கூட்டிவந்தார்கள். எய்சாகு அவர்களோடு சிரித்துப் பேசினான். மித்சுயோ ஒருவருக்கும் தேநீர்கூட ஊற்றவில்லை.