இரண்டு பெயர்கள் நெய்த பாய்

ஸ்ரீவைகுண்டத்திலிருந்து திருநெல்வேலிக்கு வரும் பேருந்தில் அந்த அம்மாள் என் பக்கத்தில் உட்கார்ந்தார். மடியில் ஒரு பத்தமடைப் பாய். மேலே வைக்கச் சொன்ன நடத்துனரிடம் கொடுக்காமல், கைக்குழந்தையைப் போல அணைத்துக்கொண்டார்.

வண்டி கிளம்பியதும் பாயின் ஓரத்தை விரித்தார். இசக்கியம்மாள், முத்துக்குமார் என்று சிவப்பில் நெய்திருந்தது. மணமக்கள் பெயரை நெய்யச் சொல்லி வாங்கி, கல்யாணத்துக்குப் பரிசாகக் கொடுப்பது எங்கள் பக்கத்து வழக்கம்.

"ஏம்மா, இந்த ரெண்டு பேர்லயும் ஒனக்குத் தெரிஞ்சு யாருக்காவது கல்யாணம் வருதா?"

"எதுக்குக்கா கேக்கீக?" என்றேன்.

"இசக்கியம்மா எம் மவ. பாய் வந்த பொறவு மாப்பிள வீட்டுல வேண்டாம்னுட்டாவ. தெனமும் இத விரிச்சு, அந்தப் பேரத் தடவிக்கிட்டே கெடக்கா. சோறு எறங்க மாட்டேங்கு."

"கிழிச்சுப் போட்டிருங்கக்கா."

"எப்படிக் கிழிக்க? எம் மவ பேரும்லா இருக்கு. இதே பேருள்ள புள்ளைகளுக்குக் குடுத்துட்டா, அது அவுக பாயா ஆயிரும்லா?"

அவர் முன்சீட்டுப் பெண்ணின் தோளைத் தொட்டு, மறுபடியும் பாயை விரித்தார்.

அவர் ஊரைக்கூட நான் கேட்டுக்கொள்ளவில்லை. ஆனாலும் கல்யாணப் பத்திரிகை எது வந்தாலும் முதலில் பெயர்களைத்தான் பார்க்கிறேன். இசக்கியம்மாள் வருகிறாள். முத்துக்குமாரும் வருகிறான். ஒரே பத்திரிகையில் இருவரும் இன்னும் வரவில்லை.