குளிர்பெட்டிக்குப் போட்ட போர்வை

பன்றிக்காய்ச்சல் பயம் பரவியிருந்த 2009-ல், விளாத்திகுளம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் ஆரம்ப சுகாதார நிலையச் செவிலியராக இருந்தேன். கோவில்பட்டி பஸ்ஸில் ஒருவர் தும்மினால் போதும், பக்கத்து சீட்டு காலியாகிவிடும். எங்களிடம் முகக்கவசம் கிடையாது. கைக்குட்டையைக் கட்டிக்கொண்டுதான் காய்ச்சல்காரர்களைப் பார்த்தோம்.

அப்போது ஒரு பெரிய நாடு எங்களுக்கு உதவி அனுப்பியது. எந்த நாடு என்று சொல்லப்போவதில்லை. எனக்கு யாரோடும் பகை இல்லை. முகக்கவசம், கையுறை என்று அட்டைப்பெட்டிகள் வந்து இறங்கின. ஒவ்வொன்றிலும் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு அந்த நாட்டுக் கொடி. அந்த நாட்டுத் தூதரகத்திலிருந்து ஒரு அம்மா நேரில் வந்து போட்டோ எடுத்துக்கொள்ளும்வரை பெட்டியைப் பிரிக்கக் கூடாது என்று உத்தரவு. பெட்டிகளுக்குப் பக்கத்திலேயே கைக்குட்டையோடு வேலை பார்த்தோம்.

பெட்டிகளை ஒப்படைக்கும் விழாவன்று காலையில் மாவட்ட அதிகாரி ஒருவர் ஏற்பாடுகளைப் பார்க்க வந்தார். வந்தவர் ஐ.எல்.ஆர். முன்னால் நின்றுவிட்டார். தடுப்பூசி வைக்கும் குளிர்பெட்டியை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். போலியோ சொட்டுமருந்து மும்முரமாக நடந்த காலத்தில் வேறொரு பெரிய நாடு கொடுத்தது. முன்பக்கத்தில் அந்த நாட்டுக் கொடி. இரண்டு நாடுகளுக்கும் ஆகாது என்பது பேப்பர் படிக்கிற எல்லோருக்கும் தெரியும்.

"சிஸ்டர், இத பின்கட்டுக்குத் தள்ளச் சொல்லுங்க. வாரவிய கண்ணுல இந்தக் கொடி படவே கூடாது."

"சார், போனதடவ நகத்துனப்ப கம்ப்ரசர் போயிருச்சு. மெக்கானிக் வந்து சேர ஒரு வாரம் ஆச்சு. நாளைக்குப் புதன்கிழமை, ஊசி போடுத நாளு."

"எதுத்துப் பேசுதீங்களா? மெமோ குடுத்தாத்தான் சரிப்படுவீங்க."

"குடுங்க சார். நாளைக்குப் பிள்ளையத் தூக்கிட்டு வாரவியளுக்கும் நீங்களே பதில் சொல்லிருங்க."

சொல்லிவிட்டு, பெட்டிக்கு முன்னால் போய் நின்றுகொண்டேன்.

எங்கள் மருந்தாளுநர் பெருமாள் அண்ணாச்சி இடையில் புகுந்து, பிளேடால் கொடியைச் சுரண்டிப் பார்த்தார். பாதிதான் வந்தது. மிச்சப் பாதி, முழுக்கொடியைவிட நன்றாகக் கண்ணில் பட்டது. கடைசியில் பிரசவ வார்டின் பச்சைப் போர்வையைக் கொண்டுவந்து பெட்டியைச் சுற்றிலும் மூடி, மேலே ஒரு பூச்சாடி வைத்தோம்.

தூதரகத்து அம்மா வெள்ளைச் சட்டையில் கரிசல் புழுதியோடு வந்து இறங்கினார். மாலை, கைதட்டல் எல்லாம் ஆயிற்று. கொடி மறைகிறது என்று போட்டோக்காரர் எங்களை அங்கேயும் இங்கேயுமாக நகர்த்திக்கொண்டிருந்தபோது, போர்வைக்குள் கம்ப்ரசர் உறுமியது. பூச்சாடி ஆடியது.

"அது என்னன்னு மேடம் கேக்கறாங்க," என்றார் மொழிபெயர்ப்பாளர். சென்னைக்காரர்.

அதிகாரி என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அண்ணாச்சிதான் முந்திக்கொண்டார். "ஐஸ் பெட்டி மேடம். அதுக்குக் குளிருது, அதான்."

மொழிபெயர்ப்பாளர் அதை அப்படியே சொல்லிவிட்டார். அந்த அம்மா நேராகப் போய்ப் போர்வை நுனியைத் தூக்கினார். உள்ளே அரைக் கொடி. அதிகாரிக்கு வியர்த்துவிட்டது. அந்த அம்மா அதைக் குனிந்து பார்த்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார்.

"போன மாசம் வேற ஊர்ல இவங்க நாடு கொடுத்த ஆம்புலன்ஸுக்கும் இப்படித்தான் படுதா போட்டிருந்தாங்களாம். அன்னைக்கு வந்தது இந்தப் பெட்டியக் கொடுத்த நாட்டுக்காரங்களாம்," என்றார் மொழிபெயர்ப்பாளர். பிறகு, "இது நல்லா வேலை செய்யுதான்னு கேக்கறாங்க."

"நல்லா ஓடுது மேடம்," என்றேன்.

அவர் தலையாட்டிவிட்டு, போர்வையைத் தன் கையாலேயே இழுத்து மூடினார். போட்டோ முடிகிறவரை அப்படியே இருக்கட்டும் என்றாராம்! சிரிப்பு வேறு, வேலை வேறு.

மெமோ வரவில்லை. மறுநாள் ஊசி நாள். புது முகக்கவசத்தோடு நின்ற என்னைப் பார்த்து ஒரு தாய், "என்ன சிஸ்டர், வெக்கப்படுத கல்யாணப் பொண்ணு கணக்கா மூஞ்ச மூடிட்டு நிக்கீங்க?" என்று கேட்டாள். வாய்க்குள் சிரித்துக்கொண்டே அவள் பிள்ளைக்கு ஊசி போட்டேன்.

இப்போது வேலைக்கு வரும் பெண்களுக்கு நான் சொல்வது இதுதான். கொடுக்கிற நாட்டுக்கு ஒரு நோக்கம் இருக்கத்தான் செய்யும், அதற்காக வேண்டாம் என்று சொல்லாதீர்கள். வாங்கிக்கொள்ளுங்கள், போட்டோவுக்கு நன்றாகச் சிரியுங்கள். மறுநாள் காலையில் வரப்போகிற பிள்ளைகளை மட்டும் யாருக்காகவும் விட்டுக்கொடுக்காதீர்கள்.