கோணிப்போன இருபத்தைந்து யார்ட் கோடு

எண்பதுகளின் கடைசியில், லண்டனில் வால்தம்ஸ்டோவுக்குப் பக்கத்தில் ஒரு ஹாக்கி கிளப்பில் மைதானத்தைப் பராமரிக்கும் கிரவுண்ட்ஸ்மேனாகச் சேர்ந்தேன். முதல் நாளே இருபத்தைந்து யார்ட் கோட்டைக் கோணலாகப் போட்டேன். நூல் கட்டி, அதைப் பார்த்தபடி வெள்ளைக் கோடு போடும் வண்டியான லைன் மார்க்கரை உருட்ட வேண்டும். நான் பார்த்தது ஓரத்தில் கிடந்த ஒரு பையை.

அது இங்க்ரிட்டின் பை. ஜெர்மனியின் சாம்பியன் அணியில் ஆடியவர். எங்கள் பெண்கள் அணிக்குப் பயிற்சியாளராக வந்திருந்தார். பையில் அவருடைய ஊர்க் கிளப்பின் பெயர் தைத்திருந்தது. அதே ஊரில்தான் அகதி முகாமில் என் தம்பி இருந்தான். நாலு மாதமாக அவனிடமிருந்து கடிதம் இல்லை. என் அகதிக் கேஸும் குரோய்டன் குடிவரவு அலுவலகத்தில் முடியாமல் கிடந்ததால் நான் போய்ப் பார்க்கவும் வழியில்லை.

"கோடு போடுறீரோ, கோலம் போடுறீரோ?" என்றார் தலைமைக் கிரவுண்ட்ஸ்மேன் சிவா அண்ணை.

விஷயத்தைச் சொன்னேன்.

"அப்ப அவவிட்டைக் கேளுமன்."

"சாம்பியன் எல்லோ அண்ணை. வேலை போயிடும்."

"வேலை போனா வேற வேலை. தம்பி போனா?"

கேட்டேன். இங்க்ரிட் மாதம் ஒருமுறை ஊருக்குப் போவார். எத்தனை பதக்கம் வாங்கினாலும் ஊரில் தான் இன்னும் பேக்கரிக்காரரின் மகள்தான் என்று சிரிப்பார். தம்பியின் பெயரைத் தன் மட்டையின் டேப்பிலேயே எழுதித் தரச் சொன்னார்.

திரும்பி வந்ததும் நேரே எங்கள் ஷெட்டுக்கு வந்தார். அவர் பேசியது ஆங்கிலம், என் காதில் விழுந்தது இப்படித்தான்: "உம்மடை தம்பி சுகமா இருக்கிறார். கேஸ் ரிஜெக்ட் ஆனதாலை வெக்கப்பட்டு எழுதேல்லை. எங்கட கிளப் ஆக்கள் அப்பீலுக்கு வக்கீல் பிடிச்சிருக்கினம்."

கூடவே ஒரு படம் தந்தார். முகாமில் சும்மா இருந்து யோசிக்க வேண்டாம் என்று அவரே தம்பியைத் தன் ஊர் மைதானத்துக்குக் கூட்டிப்போயிருக்கிறார். தம்பி லைன் மார்க்கரைப் பிடித்துச் சிரித்துக்கொண்டு நிற்கிறான். நான் வெட்கமில்லாமல் அழுதேன்.

சிவா அண்ணை படத்தை எட்டிப் பார்த்தார். தம்பியின் பின்னால் கோடு வளைந்து கிடந்தது.

"குடும்ப வியாதி போலை."

இங்க்ரிட் சிரிக்கவில்லை. "என்ரை ஊர் கிரவுண்டிலை இப்பிடிக் கோடோ? நூல் கட்டிப் போடச் சொல்லி உடனை எழுதும்."

அப்பீல் வெல்ல இரண்டு வருடம் பிடித்தது. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். என் வாயைத் திறக்கவே சிவா அண்ணை வேண்டியிருந்தது. வேலைக்குப் புதிதாக வருகிறவர்களே, மனத்தில் கிடப்பதை முதல் நாளே கேட்டுவிடுங்கள்.

படம் கிடைத்த அன்றே தம்பிக்கு எழுதியிருந்தேன். பத்தாம் நாள் பதில் வந்தது. முதல் வரி: "அண்ணை, நூல் கட்டிப் போட்டனான்."