கும்பிட்ட பிறகுதான் குத்து

சத்தியவேட்டில் சில மாதங்களாகக் கராத்தே வகுப்புக்குப் போகிறேன். "எதுர்ல யார் நின்னாலும் மொதல்ல குனிஞ்சி வணக்கம் வெய்யி. அப்பறந்தான் அடி" என்பது மாஸ்டரின் சட்டம்.

இன்று ஸ்ரீ சிட்டியில் வேலை முடிந்து பஸ் ஏறினேன். பின்சீட்டு ஆள் என் தோள்மேல் கை வைத்தான். தட்டிவிட்டேன். மறுபடியும் வைத்தான்.

பக்கத்தில், என்னோடு வேலை செய்யும் கௌரி அக்கா காதைக் கடித்தார்: "கராத்தேக்குப் போய்க்கினுதானே கீற? வுடு ஒண்ணு!"

எழுந்து திரும்பி முஷ்டியை மடக்கினேன். மொத்த பஸ்ஸும் என்னையே பார்த்தது.

பாழாய்ப்போன உடம்பு, தானாகவே குனிந்து வணக்கம் வைத்துவிட்டது.

அது கராத்தே வணக்கம் என்று அந்த ஆளுக்குப் புரிந்துவிட்டது போல. பதறி எழுந்து, என்னைவிடக் கீழே குனிந்து, "நமஸ்காரம் மேடம், தப்பு அயிப்போயிந்தி" என்று தெலுங்கில் மன்னிப்புக் கேட்டுவிட்டுக் கடைசி சீட்டுக்கு ஓடிவிட்டான்.

கௌரி அக்காவுக்குத்தான் தாங்கவில்லை. "இன்னாடி, அடின்னா கும்புட்டுக்கினு நிக்கிற! நான் வேற செருப்பைக் கழட்டி ரெடியா வெச்சிக்கினு கீறேன்."

கராத்தே தெரிந்தவர்கள் சொல்லுங்கள்: எதிரியும் பதிலுக்குக் குனிந்துவிட்டால், அப்புறம் அடிக்கலாமா கூடாதா?

சீக்கிரம் சொல்லுங்கள். பஸ் இன்னும் ஊர் போய்ச் சேரவில்லை, அக்கா இன்னும் செருப்பை மாட்டவில்லை.