திரிகளுக்கு நடுவே நான் வைத்த படம்

நாலு வருடத்துக்கு முன், ஒரு சித்திரை மாதப் புதன்கிழமை, இங்கே கனடாவில், றிச்மண்ட் ஹில்லில் ஒரு மண்டபத்தில் நடந்தது இது. பிறம்ரன் வெயர்ஹவுஸில் என்னோடு வேலை செய்யும் யாசிதி நண்பர், தங்கள் புதுவருடத்தைப் படம் எடுக்க வரும்படி கூப்பிட்டிருந்தார். ஈராக்கில் கொலைக்குத் தப்பி வந்த சனம் அவர்கள்.

சாயம் பூசிய முட்டைகள், சிவப்புப் பூக்கள், ஓடித் திரியும் பிள்ளைகள். கமெராக்காரனுக்கு வேறென்ன வேண்டும்! ஓரமாக ஒரு மேசையில் கொல்லப்பட்டவர்களின் படங்கள், முன்னால் எரியும் திரிகள். தள்ளி இன்னொரு மேசையில் ஒரு பெண், ஒரு சிறுமியின் படத்தை மட்டும் வைத்துவிட்டுப் போனார். நல்ல வடிவான முகம். ஆனால் அந்த மூலை ஒரே இருட்டு.

கல்யாணவீடு, பெரியபிள்ளையானவர்களின் சாமத்தியவீடு என்று படம் எடுத்துப் பழகிய கை இது. குத்துவிளக்கை நகர்த்து, தட்டை இழு, மாமியைத் தள்ளி நிற்கச் சொல்லு! யாரையும் கேட்கவில்லை. சிறுமியின் படத்தைத் தூக்கித் திரிகளுக்கு நடுவே வைத்து நாலைந்து முறை எடுத்தேன்.

பின்னால் ஒரு அலறல். அந்தப் பெண் ஓடிவந்து படத்தைப் பறித்து, நெஞ்சோடு அணைத்தபடி நிலத்தில் இருந்துவிட்டார். நண்பர் என்னை வெளியே கூட்டிப்போய் மெதுவாகச் சொன்னார். அது அவருடைய மகளாம். கொலைகாரர் உயிரோடு பிடித்துக்கொண்டு போய்விட்டார்களாம், வீட்டுக்காரர் இன்னும் தேடுகிறார்களாம். செத்தவர்களுக்குத்தான் அந்தத் திரி.

ஐயோ, எனக்கல்லவா இது தெரிந்திருக்க வேண்டும்! எங்கள் ஊர் யுத்தத்தில் காணாமல் போன என் அண்ணனின் படம் எங்கள் வீட்டு ஹோலில் தொங்குகிறது. அதற்கு மாலை கொண்டுவந்த மாமாவை, வாசலோடு திருப்பி அனுப்பியவர் என் அம்மா.

எடுத்தவற்றை அந்தத் தாயின் முன்னாலேயே அழித்தேன். அழித்தால் போச்சா? அவர் என்னை நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

வீட்டில் அம்மாவிடம் சொன்னேன். நல்ல ஏச்சு விழும் என்று நினைத்தால், எழும்பிப் போய் அண்ணனின் படத்தைத் துடைத்தார். பிறகு, “அந்த மனுசியிட்ட என்னை ஒருக்கால் கூட்டிக்கொண்டு போறியே?” என்றார்.

“ஓம் அம்மா” என்றேன். இன்னும் கூட்டிப் போகவில்லை. கேட்கும்போதெல்லாம் வேலை, ஸ்நோ என்று ஏதோ சாட்டுச் சொல்கிறேன். ஒரு நல்ல படத்துக்கு ஆசைப்பட்டு, தேடப்படும் பிள்ளையைச் செத்தவர்களோடு வைத்தவன் நான். அந்த இரண்டு தாய்மாருக்கும் முன்னால் போய் நிற்க எனக்கு இன்றைக்கும் முகமில்லை.