சிமெண்ட் கரைத்த மாதிரி வந்த தண்ணீர்

செனோவியா மாகினா என்பவள் மலையூரின் குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் சேர்ந்தது தொட்டி கழுவத்தான். பத்தொன்பது வருஷத்தில் தண்ணீரைச் சோதிக்கவும் மருந்து கலக்கவும் கற்று, பகல் ஷிப்டுக்குப் பொறுப்பாகிவிட்டாள். மலைமேல் பனி உருகி ஏரிக்கு வரும். ஏரித் தண்ணீர் அவளைத் தாண்டித்தான் ஊருக்குப் போகும்.

ஊர்த் திருவிழாவின் இரண்டாம் நாள் காலை, ஏரிக் காவலாளி போன் செய்தான்.

“அக்கா, வீடு உசரத்துக்குப் பனிக்கட்டி உடைஞ்சு விழுந்துருச்சு. ஏரியே கலங்கிப்போச்சு!”

அவள் ஓடிப்போய்ப் பார்த்தபோது, வரும் தண்ணீர் சிமெண்ட் கரைத்த மாதிரி இருந்தது. பனிக்கட்டி விழுந்து கிளப்பிவிட்ட, மாவு போன்ற பாறைத்தூள் நிலையத்தின் மணல் வடிகட்டிகளை அடைத்தால், ஊருக்கு மூன்று நாள் தண்ணீர் கிடையாது. யாரையும் கேட்காமல், ஏரித் தண்ணீர் உள்ளே வரும் வால்வை மூடினாள்.

கொஞ்ச நேரத்தில் தலைமைப் பொறியாளர் எவாரிஸ்தோ போனில் கூப்பிட்டார். “யாரைக் கேட்டும்மா மூடுனே? ஊர் முழுக்க விருந்தாளிங்க. ஊர்த்தொட்டியில மூணு மணி நேரத்துக்குத்தான் தண்ணி இருக்கு. ஆஸ்பத்திரிக்கு என்ன பண்ணுவே?”

“மூணு மணி நேரம் இருக்குல்ல சார்? அதுக்குள்ள வழி பாக்குறேன்.”

“பாக்கலேன்னா?”

அவள் போனை வைத்துவிட்டாள்.

ஆறு கண்ணாடிக் குடுவைகளில் கலங்கல் நீரை ஊற்றி, ஒவ்வொன்றிலும் அளவைக் கூட்டிக் கூட்டிப் படிகாரம் போட்டாள். ஒன்றிலும் வண்டல் படியவில்லை. இரண்டாம் முறையும் அப்படியே. அதற்குள் ஊர்த்தொட்டியில் பாதி காலி. அவசரத்தில் ஒரு குடுவை கைதவறி விழுந்து உடைந்தது.

பனித்தண்ணீரில் காரத்தன்மை குறைவு, அதனால் படிகாரம் தனியாக வேலை செய்யாது என்று அப்போதுதான் தோன்றியது. மூன்றாம் முறை, முதலில் சுண்ணாம்பு, பிறகு படிகாரம். குனிந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். நான்காவது குடுவையில் வெள்ளைத் துணுக்குகள் திரண்டன. மெல்ல அடியில் இறங்கின. மேலே தண்ணீர் தெளிந்தது.

அதே அளவில் சுண்ணாம்பும் படிகாரமும் கலக்கவிட்டு, வால்வைக் கால்வாசி மட்டும் திறந்தாள். வடிகட்டிகள் தாக்குப்பிடித்தன. ஊர்த்தொட்டியில் ஒன்றரை அடி மிஞ்சியிருந்தபோது புதுத் தண்ணீர் போய்ச் சேர்ந்தது. மேட்டுத் தெருவில் மட்டும் ஒரு மணி நேரம் குழாய் காய்ந்தது, ஆஸ்பத்திரியில் தண்ணீர் நிற்கவேயில்லை.

மாலையில் எவாரிஸ்தோ வந்து, ஒரு டம்ளர் பிடித்துக் குடித்தார்.

“எவ்வளவு சுண்ணாம்பு போட்டே? எழுதிக் குடு,” என்றார்.

அடுத்த வாரம், அனுமதியில்லாமல் வால்வை மூடியதற்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. கொண்டுவந்து கொடுத்தவரும் எவாரிஸ்தோதான்.

“மேலிடத்து உத்தரவும்மா. மனசுல வச்சுக்காதே.”

“கலங்கல் வந்தா மறுபடியும் மூடுவேன் சார்,” என்றபடி கையெழுத்துப் போட்டாள்.

“மூடு,” என்றார் அவர். “ஆனா போனை மட்டும் வச்சிராதே.”