செய்தி வந்து சேரும் தூரம்

குமுளியில் நான் தினமும் காலையில் தேநீர் குடிக்கும் கடை மத்தாயி என்பவருடையது. கோட்டயத்துப் பக்கத்திலிருந்து மலையேறி வந்து குடியேறியவர். முதல் நாள் அவர் டம்ளரை நீட்டியபோது என் வாய் என்னைக் கேட்காமலே “தெரிமா காசே” என்றது. மலாய் மொழியில் நன்றி என்று அர்த்தம். பினாங்கில் யார் எதைக் கையில் கொடுத்தாலும் சொல்லிச் சொல்லிப் பழகிய வார்த்தை. மத்தாயியின் காதில் அது மலையாளமாக, ‘தருமோ காசு’ என்று விழுந்துவிட்டது. டம்ளரைப் பாதி வழியில் நிறுத்தி என்னை ஏற இறங்கப் பார்த்தார். “காசோ? ஞான் எந்தினா தருந்நது? சாய குடிக்குந்நது நிங்ஙளல்லே?” என்றார். தேநீர் குடிப்பது நான், காசு அவர் தருவதா என்கிறார். பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஏலத்தோட்டத்து ஆட்கள் சிரித்தார்கள். நான் தமிழில் விளக்கம் சொன்னேன். இன்னும் சிரித்தார்கள். இப்போதும் அவ்வப்போது வாய் தவறுகிறது. மத்தாயி சிரிப்பதை விட்டுவிட்டார். “நாளெ தராம்” என்று சொல்லிவிட்டு அடுத்த டம்ளரைக் கழுவப் போய்விடுவார்.

பாலக்காட்டு ராவுத்தர், வாயில் மலாய், வேலை ஏலக்காய்க் கிட்டங்கியில், இருப்பது மேகம் வீட்டுக்குள் நுழையும் இந்த மலையில். இது என்ன கணக்கு என்று பினாங்கிலிருக்கும் நண்பர்களும் கேட்கிறார்கள், என் சொந்த ஊரான புதுநகரத்தில் இருக்கும் உறவுக்காரர்களும் கேட்கிறார்கள். இரண்டு பக்கத்தாருக்கும் ஒரே பதிலாக இதை எழுதுகிறேன். ஊர் திரும்புவதா வேண்டாமா என்று கடலுக்கு அப்பால் இருந்துகொண்டு யோசிக்கிறவர்கள் கட்டாயம் படிக்க வேண்டும். அந்த முடிவு என் கையில் இருக்கிறது என்றுதான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் புதுநகரம் பாலக்காட்டுக்குத் தெற்கே இருக்கிறது. வீட்டில் தமிழ், கடைவீதியில் பாதி மலையாளம். மகள் மைமூன் தவழத் தொடங்கியிருந்தபோது நான் பினாங்குக்குக் கப்பல் ஏறினேன். இராமநாதபுரத்து முதலாளி ஒருவரின் ஜவுளிக் கடையில் வேலை. மலாய்ப் பெண்களுக்குச் சாரோங் துணி விரித்துக் காட்டுவேன், சீனர்களோடு பேரம் பேசுவேன். மழை பெய்து ஓய்ந்ததும் தெருவில் ஒரு பொட்டுச் சேறு இருக்காது. அந்தச் சுத்தம் எனக்குப் பிடித்துப்போயிற்று. நடுவில் யுத்தம் வந்தது. ஜப்பான்காரர்கள் பினாங்கைப் பிடித்து வைத்திருந்த காலம் முழுவதும் எங்களால் ஊருக்கு ஒரு வரி எழுத முடியவில்லை. யுத்தம் முடிந்து ஊருக்கு வந்து சில மாதங்கள் இருந்தேன், திரும்பிப் போனேன். அதற்குப் பிறகும் ஒரு முறை வந்து போனேன். மலாயா சுதந்திர நாடாகப்போகிறது என்ற பேச்சு எழுந்தபோது முதலாளி என்னைக் கூப்பிட்டு, “காசிம், இங்கனயே இருக்கியா, ஊரோட போறியான்னு முடிவு பண்ணிக்கப்பா. இந்தத் தடவை போயிட்டு அனுமதியில போட்ட தேதிக்குள்ள திரும்பலேன்னா, மறுபடி உள்ள விட மாட்டான்” என்றார். கப்பல் முழுக்க அதையே யோசித்துக்கொண்டு வந்தேன். பினாங்கு நல்லதா, புதுநகரம் நல்லதா? என்ன தொழில் செய்யலாம்? எல்லாவற்றையும் யோசித்தேன். ஜைனம்பு என்ன சொல்வாள் என்று மட்டும் யோசிக்கவில்லை. கணவன் இனிப் போகவில்லை என்றால் மனைவி வேறென்ன சொல்வாள்?

ஊர் வந்து சேர்ந்தது நல்ல வெயில் நேரம். பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டு வாசலில் கால் வைத்தேன். வாசல் முழுக்க அவித்த நெல் காய்ந்துகொண்டிருந்தது. இரண்டு எட்டு வைப்பதற்குள் ஒரு பெண்குரல் கத்தியது. “ஆருங்க அது! கண்ணு தெரியலீங்களா? செருப்புக் காலோட நெல்லு மேல வாரீங்க!” கையில் நெல் தள்ளும் பலகையோடு முன்பின் தெரியாத ஒருத்தி நின்றாள். புகைக்குள்ளிருந்து, பெரிய அண்டாவின் பக்கத்திலிருந்து ஜைனம்பு எட்டிப் பார்த்தாள். “ஏ பொன்னாத்தா, சத்தம் போடாதே. அது எங்க ஊட்டுக்காரரு” என்றாள். பொன்னாத்தா நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவள் எங்கள் வீட்டில் பல வருஷமாக வேலை செய்கிறாளாம். கொஞ்சம் நெல் அவித்து விற்பதாக ஜைனம்பு எழுதியிருந்தாள். நான் கண்டது கொஞ்சம் இல்லை. கொல்லையில் புதிதாக இரண்டு கொட்டகை, வேலைக்கு நாலைந்து பெண்கள், வாசலுக்கு வெளியே மாட்டுவண்டி. கொல்லங்கோட்டு வியாபாரி ஒருவர் என்னைத் தாண்டிப் போய், “அக்கா, அரிசி எப்போங்க கெடைக்கும்?” என்று அவளிடம் கேட்டார். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. இனி இதையெல்லாம் நான் பார்த்துக்கொள்ளலாம் என்று அப்போதே ஒரு திட்டமும் போட்டுவிட்டேன்.

அந்த வெள்ளிக்கிழமை விருந்து. கொல்லங்கோட்டில் வாழ்க்கைப்பட்டிருந்த மைமூன் புருஷனோடும் மாமனாரோடும் வந்திருந்தாள். என் தம்பி சாகுல் குடும்பத்தோடு வந்திருந்தான். சாப்பிட்டு முடிந்து வெற்றிலை போடும்போது மைமூன், “அத்தா, இனிப் போக மாட்டீங்கல்ல?” என்று கேட்டாள். நான் சிரித்துக்கொண்டே வாயைத் திறந்தேன். அதற்குள் உள் கதவுக்குப் பின்னாலிருந்து ஜைனம்புவின் குரல் வந்தது. “அத்தா போகட்டும் மைமூனு. அவரு போறதுதான் நல்லது.”

சம்பந்தி வெற்றிலையில் தடவிய சுண்ணாம்பையே மறுபடி தடவினார். மைமூன் தலையைக் குனிந்துகொண்டாள். நான் சிரித்த வாயை மூடவில்லை என்பது எனக்கே பிறகுதான் தெரிந்தது. யுத்தத்தில் ஒரு முறை என் பக்கத்தில் குண்டு விழுந்தபோது முதலில் சத்தம் கேட்கவில்லை, காது அடைத்துக்கொண்டது மட்டும்தான் தெரிந்தது. இதுவும் அப்படித்தான் இருந்தது. மனசு தாறுமாறாக ஓடியது. வேறு யாரோ இருக்கிறார்களோ என்றுகூட நினைத்தேன்.

எல்லோரும் போன பிறகு, அந்தி சாயும் நேரத்தில் கொல்லைக்குப் போனேன். அவள் அண்டாவுக்கு அடியில் உமி தள்ளிக்கொண்டிருந்தாள்.

“எல்லார் முன்னாலயும் என்ன பேச்சு அது?” என்றேன்.

“தனியாச் சொன்னா நீங்க சிரிச்சு மழுப்பிருவீங்க. அதுக்குத்தானுங்க.”

“நான் இங்கே இருக்கிறதுல உனக்கு என்ன கஷ்டம்?”

உமி தள்ளும் கை நின்றது. அவள் என்னைப் பார்க்கவில்லை, நெருப்பைப் பார்த்துப் பேசினாள். “ஏனுங்க, நான் உங்களுக்கு இத்தா இருந்து எந்திரிச்சவ. உங்களுக்குத் தெரியாது.”

கணவனை இழந்த பெண் உள்ளறையில் தனித்திருக்கும் நாட்களை எங்களில் இத்தா என்போம். எனக்கு வார்த்தை புரிந்தது, அர்த்தம் உள்ளே இறங்கவில்லை. யாருக்கு என்று கேட்டேன். உங்களுக்குத்தான் என்றாள். பினாங்கில் குண்டு விழுந்த சமயம் கடைசிக் கப்பலில் தப்பி வந்த பொள்ளாச்சிக்காரர் ஒருவர், எங்கள் கடைத்தெரு தரைமட்டமானதை வந்து சொல்லியிருக்கிறார். அது உண்மை. நான் அன்றைக்குத் துணி மூட்டையோடு அக்கரையில் ஒரு ரப்பர்த் தோட்டத்துக்குப் போயிருந்தேன் என்பது அவருக்கு எப்படித் தெரியும்? ஊர்ப் பெரியவர்கள் கொஞ்ச காலம் பார்த்தார்கள். கடிதம் இல்லை, தந்தி இல்லை. ஒரு நாள் பள்ளிவாசலில், இறந்தவர்களுக்கு ஓதுகிற யாசீன் ஓதினார்கள். ஜைனம்புவின் கழுத்தில் தாலியாகக் கட்டியிருந்த கருகமணியை அறுத்து, வெள்ளைச் சேலை உடுத்தி, உள்ளறையில் உட்கார வைத்தார்கள்.

யுத்தம் முடிந்து நான் வந்த முதல் நாள் அவள் கழுத்து வெறுமையாக இருந்தது நினைவுக்கு வந்தது. கருகமணி எங்கே என்று கேட்டேன். அறுந்து போச்சுங்க என்றாள். கோத்துப் போட்டுக்கோ என்று சொல்லிவிட்டு, கொண்டு வந்த பட்டுத்துணியைப் பிரித்துக் காட்டினேன். அவள் அதை வாங்கி மடித்து வைத்தாள்.

நான் அங்கிருந்து நேராகச் சாகுலின் வீட்டுக்குப் போனேன். சட்டை போடவும் மறந்துவிட்டேன். அவன் என் முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துகொண்டான்.

“அண்ணி சொல்லிட்டாங்களா?”

“ஊருக்கே தெரியுமாடா?”

“தெரியாம எப்படீண்ணா? நாப்பதாம் பாத்திஹாவுக்கு ஊருக்கே சோறு போட்டமே. நான்தான் முன்னால நின்னு பரிமாறுனேன்.”

“இத்தனை வருஷமா ஒருத்தனுக்கும் சொல்லத் தோணலியா?”

“உசுரோட வந்து நிக்கிறவங்ககிட்ட எந்த வாயால சொல்றதுண்ணா? யுத்தம் முடிஞ்சு நீங்க பொட்டியத் தூக்கிட்டு வந்து எறங்குனப்ப எனக்கு அழுகைதான் வந்துச்சு. நீங்க, தம்பிக்கு எம்மேல எவ்வளவு பிரியம்னு சொன்னீங்க.”

அடுத்த சில நாட்கள் நான் நடைப்பிணமாக ஊரைச் சுற்றினேன். எதிரே வருகிற ஒவ்வொருவரும் என்னுடைய சாவுச்சோறு சாப்பிட்டவர். சலாம் சொல்லும் பள்ளிவாசல் மோதினார், முடிவெட்டுகிறவர், பக்கத்து வீட்டு மாமி, யாரும் பாக்கியில்லை. பினாங்கில் நாங்கள் மரவள்ளிக்கிழங்கைத் தின்றுகொண்டு, ஊரில் எல்லோரும் நம்மை நினைத்துக்கொண்டிருப்பார்கள் என்று ஒருவருக்கொருவர் ஆறுதல் சொல்லிக்கொண்ட நாட்களில், இங்கே என்னை ஓதி முடித்து, இலையும் எடுத்தாகிவிட்டது. யார் மேலும் கோபம் வரவில்லை. கோபம் வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். பேப்பரில் எங்கள் ஜில்லா புதுக் கேரளத்தில் சேர்ந்ததைப் பற்றி எழுதியிருந்தான். நான் கப்பல் ஏறும்போது சென்னை ராஜதானிக்காரன், இறங்கும்போது கேரளக்காரன். அதைக்கூட என்னைக் கேட்காமலே செய்துவிட்டார்கள் என்று தோன்றியது.

பினாங்கு திரும்பிப் போவதானால் சென்னையில் கப்பலுக்குச் சொல்லிவைக்க வேண்டிய நாள் வந்தது. மறுபடி ஜைனம்புவிடம் போனேன். இந்த முறை நான் அதட்டவில்லை. நெல் மூட்டை ஒன்றின் மேல் உட்கார்ந்துகொண்டேன்.

“நான் உயிரோட இருக்கேன் ஜைனம்பு. அப்புறம் ஏன் போகச் சொல்றே?”

அவளும் எதிரே உட்கார்ந்தாள். “இத்தா முடிஞ்சு அந்தக் கதவத் தெறந்து வெளிய வந்தப்ப மைமூனுக்குக் கஞ்சிக்கு அரிசி இல்லீங்க. மூட்டை நெல்லு கடனா வாங்கி அவிச்சேன். அன்னையிலிருந்து இந்த வாசல்ல நான்தான் நிக்கிறேன். நீங்க நல்லவரு. உள்ள போன்னு ஒரு நாளும் சொல்ல மாட்டீங்க. ஆனா நீங்க வந்து வாசல்ல நின்னா, யாரும் சொல்லாமயே நான் உள்ள போயிருவேனுங்க. எனக்கு என்னையப் பத்தித் தெரியும். அதுதான் பயம்.”

வந்த அன்றைக்கே நான் போட்ட திட்டம் ஞாபகம் வந்தது.

“அப்போ பினாங்குக்கே போயிடட்டுமா?”

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். வியர்வையா, வேறா என்று தெரியவில்லை. “போங்க. ஆனா கடல் தாண்டிப் போகாதீங்க. செய்தி வந்து சேர்ற தூரத்துல போய் இருங்க. உசுரோட இருக்கீங்களா இல்லியான்னு நான் பஸ் ஏறி வந்து பாக்கிற தூரத்துல. இன்னொருக்கா யாரோ சொன்னதக் கேட்டு வெள்ளச் சேலை கட்ட என்னால ஆகாதுங்க.”

என் வாழ்க்கையில் யாரும் என்னிடம் இவ்வளவு அன்பாகப் பேசியதில்லை. இவ்வளவு தெளிவாக என்னை வெளியே அனுப்பியதும் இல்லை. இரண்டும் ஒரே பேச்சில் வந்ததுதான் எனக்கு இன்றுவரை தெளியாத அதிர்ச்சி. மைமூனின் மாமனாருக்குக் குமுளியில் ஏலக்காய்க் கிட்டங்கி வைத்திருக்கும் உறவுக்காரர் ஒருவர் உண்டு. அவருக்குக் காய் தரம் பார்க்க நம்பிக்கையான ஆள் தேவைப்பட்டது. பினாங்கு அனுமதியின் தேதி கடந்துபோன நாளில் நான் இங்கே ஈரக் காற்றில் சாக்குகளுக்கு நடுவே தும்மிக்கொண்டிருந்தேன்.

மாதம் ஒரு முறை ஊருக்குப் போகிறேன். கேரளத்திலிருந்து கேரளத்துக்குப் போக, மலையிறங்கிக் கம்பம், திண்டுக்கல், பொள்ளாச்சி என்று சென்னை ராஜ்யத்தைச் சுற்றிப் போக வேண்டும். வீட்டில் எனக்கு நல்ல கவனிப்பு. விருந்தாளி என்பதால் குறை சொல்வதற்கில்லை. அவள் இப்போது கழுத்தில் கருகமணி போட்டிருக்கிறாள். நான் வாங்கிக் கொடுத்ததல்ல, அவளே வாங்கிப் போட்டுக்கொண்டது.

போன மாதம் எனக்குக் காய்ச்சல். போக முடியவில்லை, பஸ் கண்டக்டரிடம் சொல்லியனுப்பினேன். செய்தி போய்ச் சேர்ந்த மறுநாளே பஸ் ஏறி வந்துவிட்டாள். என் அறை வாசலில் நின்று, நான் கட்டிலில் உட்கார்ந்து கஞ்சி குடிப்பதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு உள்ளே வந்து, “குடிக்கத் தண்ணி எங்கீங்க இருக்குது?” என்று கேட்டாள். புதுநகரத்து வீட்டில் நானும் அப்படித்தான் கேட்கிறேன்.

மாலையில் மழை விட்டது. இருவரும் வெளியே வந்து நின்றோம். அவள் மலைகளைச் சுற்றிப் பார்த்துவிட்டு, “இங்கிருந்து நம்ம ஊடு எந்தத் தெசைங்க?” என்று கேட்டாள். ஊர் வடக்கே இருக்கிறது, எனக்குத் தெரியும். ஆனால் என் கை தானாக எழுந்து கிழக்கே நீண்டது. மலைக்கு அந்தப் பக்கம் கம்பம், அதற்கும் அப்பால் கடல், அதற்கும் அப்பால் பினாங்கு. காட்டிய பிறகுதான் எனக்குத் தெரிந்தது. கையை இறக்கவும் முடியவில்லை, திருப்பவும் முடியவில்லை.

அவள் என் கையைப் பார்த்தாள். அது காட்டிய திசையைப் பார்த்தாள். “நம்ம ஊருக்குப் பஸ்ஸு மலையெறங்கறது அந்தப் பக்கந்தானுங்களே” என்றாள்.

“ஆமா” என்றேன். கை இன்னும் காற்றில்தான் நின்றது.